பொட்டு மேல் பக்கம்

என் நெயில் பாலிஷ் குப்பியை என்னைக் கேட்காமலே எடுத்துப் போய், டிவி பிளக்கின் ஒரு பக்கத்தில் பொட்டு வைத்தார் என் வீட்டுக்காரர். அன்றைக்கு எனக்கு வந்த கோபமெல்லாம் குப்பியைத் திறந்தபடியே வைத்துக் காயவிட்டதற்குத்தான். பிளக்குக்கு எதற்குப் பொட்டு என்று கேட்க மறுநாள்தான் தோன்றியது. கேட்டேன். அவர் சொன்ன பதிலுக்குப் பிறகு அந்தப் பின்னறைக்குள் நான் நிம்மதியாகக் கால் வைத்ததில்லை.

போத்தனூர் தாண்டி, ரயில் பாதையை ஒட்டி எங்கள் தோட்டம். தோட்டத்துக்குள்ளேயே வீடு. தொண்ணூறுகளின் நடுவில் அந்த வீட்டில் நாங்கள் நான்கு பேர். மாமியார் நான் கல்யாணமாகி வரும் முன்பே தவறிவிட்டார். தென்னையையும் வாழையையும் மாமனார் பார்த்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் பீளமேட்டுப் பக்கம் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் டூல் ரூமில் இருந்தார். மகள் அப்போதுதான் ஒன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். "அப்பாரு, அப்பாரு" என்று தாத்தாவின் பின்னாலேயே திரிவாள். அவரும் அவளை ஒரு வார்த்தை அதட்டி நான் கேட்டதில்லை. கை நீட்ட வேண்டிய வேலையெல்லாம் எனக்குத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளுக்குத் துணி எடுத்து வரச் சொல்லி என் வீட்டுக்காரரைக் காந்திபுரம் அனுப்பினேன். மனுசன் செய்தித்தாளில் சுற்றிய ஒரு கறுப்புக் கீபோர்டோடு வந்து நின்றார். அதற்குள்ளேயே முழுக் கம்ப்யூட்டரும் இருக்கிறதாம். எண்பதுகளில் வெளிநாட்டிலிருந்து வந்ததாம். டிவியோடு சேர்த்தால் விளையாட்டு ஓடும். விளையாட்டெல்லாம் பாட்டுக் கேசட் போன்ற கேசட்டில் இருக்கும். அதன் ரப்பர் பட்டன்களில் பாதி, அமுங்கினால் எழும்பவில்லை.

"ஊரெல்லாம் புதுக் கம்ப்யூட்டரா வந்துட்டுக் கெடக்குது. நீங்க குப்பைக்குப் போனதத் தூக்கிட்டு வந்திருக்கறீங்களாக்கும்" என்றேன்.

"புதுசுல கை வெக்க உடமாட்டாங்க புள்ள. இதுல நாம என்ன வேணாலும் பண்ணிக்கலாம்."

என்ன வேண்டுமானாலும் என்றால் என்னவென்று அடுத்து வந்த மாதங்களில் பார்த்தேன். மெமரி போதவில்லை என்று எங்கோ சிப் தேடி வாங்கி வந்து பற்றவைத்தார். வீடெல்லாம் ஈயப் புகை. ரப்பர் பட்டன்களைப் பிடுங்கிவிட்டு வேறு பட்டன்கள் வைத்தார். விளையாட்டு நடுவில் சிக்கிக்கொண்டால் மறுபடி முதலிலிருந்து ஓட வைக்க வாசலுக்கு வாங்கிய காலிங் பெல் சுவிட்சை அதன் தலையில் பொருத்தினார். வாசலுக்கு வந்தவர்கள் தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டு நின்றார்கள்.

அதோடு விட்டாரா? கறுப்பு பிளாஸ்டிக் கூடு விரிசல் விட்டிருந்தது. எங்கள் ஊர் ஆண்களிடம் எதைக் கொடுத்தாலும் லேத்தில் ஏற்றாமல் திருப்பித் தரமாட்டார்கள். கம்பெனியிலேயே அலுமினியத் தகடு வளைத்து, மூலையெல்லாம் மழுக்கி, பஃப் போட்டு ஒரு பெட்டி செய்து வந்தார். முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. விளையாடுகிற குச்சிக்குப் பித்தளையில் கைப்பிடி கடைந்திருந்தார். கைப்பிடியை மாமனார் வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

"ஏன்டா, இது கொளந்த ஆடறதுக்கா, வண்டிக்கு அச்சாணியா?"

"நூறு வருசம் ஆனாலும் ஒடையாதுங்கப்பா."

"அது சரி. ஆடறவ நூறு வருசம் ஆடோணுமல்லோ" என்று சிரித்துவிட்டுக் கைப்பிடியை என்னிடம் கொடுத்தார். சில்லென்று இருந்தது. இன்றைக்கும் பித்தளைச் சாமானைத் தூக்கினால் அந்தக் கனம் எனக்கு ஞாபகம் வருகிறது.

மாமனார் அந்தப் பக்கமே வரமாட்டார். கேசட்டிலிருந்து விளையாட்டு ஏறும்போது அது போடும் சத்தம் அவருக்கு ஆகாது. "பன்னி கத்தறாப்பல கத்துது அம்மணி, என்ன கெரகமோ" என்பார் என்னிடம்.

அடுத்து டிவி. எங்கள் அப்பா கல்யாணச் சீராகக் கொடுத்த கறுப்பு வெள்ளை டிவி அது. மரப்பெட்டியும் இழுத்து மூடுகிற கதவுமாக இருக்கும். கலர் டிவி வந்ததும் அது பின்னறைக்குப் போயிருந்தது. ஆன்டெனா சொருகும் துளை வழியாகக் கம்ப்யூட்டரைச் சேர்த்தால் படம் புள்ளி புள்ளியாகக் கலங்கித் தெரியும். ஒரு நாள் கடைவீதிக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், டிவியின் முதுகைக் கழற்றித் தரையில் வைத்திருக்கிறார்.

"எங்கப்பன் ஊட்டுச் சீரு அது. எவனக் கேட்டுப் பிரிச்சீங்க?" என்று ஆரம்பித்து, பொழுது சாயும் வரை ஒரே சண்டை, ஓரியாட்டம். அவர் காதிலேயே வாங்கவில்லை. கம்ப்யூட்டரிலிருந்து ஒரு ஒயரை நேராக டிவியின் வயிற்றுக்குள் கொண்டுபோய்ப் பற்றவைத்து, மூடி, சுவிட்சைப் போட்டார். படம் துடைத்துவிட்டதுபோல் நின்றது. மகள் குதித்தாள். எனக்கே ஆச்சரியம்தான். ஆனால் அதைச் சொல்லி அவரைத் தலையில் ஏற்றி வைக்க விருப்பமில்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன். அந்த நேரத்தில்தான் நெயில் பாலிஷை எடுத்திருக்கிறார்.

மறுநாள் கேட்டபோது சொன்னார்.

"இது பழைய மாடல் டிவி புள்ள. சொவுத்துல இருந்து வர்ற ரெண்டு ஒயருல ஒண்ணு, உள்ள இருக்கற இரும்புச் சட்டத்துக்கே நேரா போவுது. ஆன்டெனாவத் தொட்டா அடிக்காம இருக்கறதுக்குன்னு அங்க ஒரு தடுப்பு வெச்சிருப்பான். நான் ஒயர அதத் தாண்டி இழுத்துபோட்டேன். ரெண்டு முள்ளு பிளக்கு, எப்பிடி வேணாலும் திருப்பிச் சொருகலாம். இப்ப பொட்டு மேல இருக்கறாப்பல சொருகினா, சட்டத்துக்குக் கரண்ட் இல்லாத நியூட்ரல் ஒயரு வரும். ஒண்ணும் ஆகாது."

"கீழ இருந்தா?"

"கீழ எதுக்கு வருது? அதுக்குத்தான பொட்டு."

"கீழ இருந்தா என்னங்க ஆகும்?"

ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "கரண்ட் ஒயரு சட்டத்துக்கு வரும். சட்டத்துல இருந்து பொட்டிக்கு வரும்."

"பொட்டிக்குன்னா? கொளந்த கையில புடிக்கற குச்சிக்குங்களா?"

"ஆமா."

ஒரு சொட்டு நெயில் பாலிஷை நம்பி என் பிள்ளையை உட்கார வைத்திருக்கிறார். அந்த ஒயரை அப்போதே பிடுங்கச் சொன்னேன். அவர் கெஞ்சினார். கம்பெனியில் தனியாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றி எடுத்து வந்து டிவிக்கு முன்னால் போட்டுவிட்டால் பொட்டே வேண்டாமாம், எப்படிச் சொருகினாலும் அடிக்காதாம். "இந்த ஆர்டர் முடிஞ்சதும் சுத்திக் கொண்டாறேன் புள்ள. அது வரைக்கும் பாத்துக்கலாம்" என்றார். அந்தக் கம்பெனியில் ஆர்டர் முடிந்த நாள் என்று ஒன்று இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அதனால் நான் சட்டம் போட்டேன். பிளக்கை நான் பார்த்த பிறகுதான் சுவிட்ச். கயிற்றுக் கட்டிலில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்துதான் ஆட வேண்டும். தரையில் கால் படக் கூடாது. அவர் பங்குக்கு, எந்த இரும்பையும் முதலில் புறங்கையால் தொட்டுப் பார், உள்ளங்கையால் பிடித்தால் கரண்ட் விடாது என்று அவளுக்குப் பழக்கியிருந்தார். பிள்ளைக்கு இதெல்லாமே ஒரு விளையாட்டு.

"அம்மா, பொட்டு எங்க?"

"மேல."

"கால் எங்க?"

"கட்டல்ல."

தினமும் இந்தப் பாட்டு. நான் சிரித்துக்கொண்டேதான் பதில் சொல்வேன். சொல்லிவிட்டு இன்னொரு முறை குனிந்து பிளக்கைப் பார்ப்பேன்.

எங்கள் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டு லைனில் கரண்ட் போனாலும், கிணற்று மோட்டாருக்கு வருகிற மூன்று பேஸ் லைனில் ஏதாவது ஒரு பேஸ் உயிரோடு இருக்கும். அதனால் மோட்டார் ரூமில் ஒரு இரும்புப் பெட்டியும் கைப்பிடியும் வைத்திருப்பார்கள். கைப்பிடி மேலே இருந்தால் வீட்டுக்கு வீட்டு லைன். கீழே தள்ளினால் மோட்டார் லைனில் வீடு எரியும். அப்படிச் செய்யக் கூடாதுதான். லைன்மேன் வருகிற நாளில் எல்லோரும் ஒழுங்காக இருப்போம். மற்ற நாளில் அது இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் நான் வருவதற்குப் பல வருடம் முன்பே அது இருந்தது. கரண்ட் போனால் மாமனார் போய்க் கைப்பிடியைத் தள்ளுவார், ஃபேன் சுற்றும், நான் என் வேலையைப் பார்ப்பேன்.

சித்திரை வெயில் தொடங்கியிருந்த ஒரு மத்தியானம், கட்டிலில் ஆடிக்கொண்டிருந்தவள் கூப்பிட்டாள்.

"அம்மா, எறும்பு கடிக்குது."

போய்ப் பாயை உதறினேன். தலையணையைத் தட்டினேன். எறும்பு இல்லை.

"அங்க இல்லம்மா. இந்தக் குச்சியிலதான் எறும்பு இருக்குது" என்று பித்தளைக் கைப்பிடியைக் காட்டினாள்.

பிளக்கைப் பார்த்தேன். பொட்டு மேலேதான் இருந்தது. இருந்தாலும் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அவளை வெளியே தூக்கி வந்தேன். சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும் வராததுமாக டெஸ்டரைக் கையில் கொடுத்தேன். பெட்டி, கைப்பிடி, திருகு ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தார். டெஸ்டரில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. புறங்கையால் தொட்டார், பிறகு முழுக் கையால் பிடித்தார்.

"பாத்தியா? நெசமாவே எறும்பாத்தான் இருக்கும். இனிப்பு தின்ன கையோட புடிச்சிருப்பா."

"எனக்கு மனசுக்கு ஒப்பலைங்க. டிரான்ஸ்ஃபார்மர் எப்ப வரும்?"

"அடுத்த வாரம் புள்ள."

அந்த மத்தியானம் வீடு எந்த லைனில் இருந்தது என்று எங்களில் யாரும் யோசிக்கவில்லை. சாயங்காலம் அவர் டெஸ்டர் வைத்தபோது வீட்டு லைன் திரும்பி, மாமனார் கைப்பிடியை மேலே தள்ளிவிட்டிருந்தார். கொஞ்ச நாள் அந்த அறையைப் பூட்டி வைத்தேன். பள்ளிக்கூடம் லீவு விட்ட பிறகு பூட்டு நிற்கவில்லை. பிள்ளை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சோறு தின்ன மறுத்தாள்.

அந்த நாளும் அப்படியொரு லீவு நாள்தான். என் வீட்டுக்காரர் கம்பெனிக்குப் போயிருந்தார். சாப்பாடு முடிந்ததும் பிளக்கைப் பார்த்தேன். பொட்டு மேலே. கால் கட்டிலில். ஆடச் சொல்லிவிட்டுப் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிக்குப் பாத்திரம் கழுவப் போனேன். மாமனார் வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் ஃபேன் நின்றது, மகளின் அழுகை கிளம்பியது. ஒரு விளையாட்டு கேசட்டிலிருந்து ஏற அவ்வளவு நேரம் பிடிக்கும். ஏறி முடிந்ததும் கரண்ட் போய்விட்டால் பெரியவர்களுக்கே அழுகை வரும்.

வாழைக்குள்ளிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "அழுவாத கண்ணு. அப்பாரு லைன் மாத்தி உட்டுபோட்டு வாரேன்."

ஃபேன் சுற்றியது. கேசட் மறுபடி கத்தத் தொடங்கியது. தொட்டியில் அவர் கை கால் கழுவுவதும், பின்வாசல் வழியாக அறைக்குள் போவதும் எனக்குக் கேட்டது. எப்போதும் போகாதவர் அன்றைக்கு ஏன் போனார்? அவள் அழுத அழுகைக்குத்தான்.

"அப்பாரு, நீங்க ஒரு ஆட்டம் ஆடுங்க."

"எனக்கு அதெல்லாம் எங்க ஆடத் தெரியுது கண்ணு."

"நாஞ் சொல்லித் தாறேன். கட்டல்ல ஏறி உக்காருங்க."

"வேட்டியெல்லாம் ஈரங் கண்ணு. கட்டல் நனைஞ்சு போச்சுன்னா உங்கொம்மா ரெண்டு பேரையும் வெய்யும். நான் இப்பிடிக் கீழயே உக்காந்துக்கறேன்."

நான் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே சிரித்தேன். பொட்டு மேலே இருந்தது எனக்குத் தெரியும். நான் பார்த்திருந்தேனே.

அதற்குப் பிறகு பேச்சு இல்லை. விளையாட்டின் பீப் பீப் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு அந்த அறையில் இருந்த அரிசி டிரம்மில் எதுவோ மோதிய சத்தமும் மகளின் அலறலும் கேட்டது.

ஓடினேன். மாமனார் கட்டில் காலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் பித்தளைக் கைப்பிடியைப் பிடித்திருந்தன. கண் திறந்திருந்தது. மகள் சுவரோரம் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

"அம்மா, அப்பாரு ஒதைச்சாரு" என்றாள்.

அவரைத் தொடப்போன என் கையை எது திருப்பியதோ தெரியவில்லை. அத்தனை மாதப் பயமாகத்தான் இருக்கும். சுவரில் இருந்த பிளக்கின் ஒயரைப் பிடித்து இழுத்தேன். இழுக்கும்போது பார்த்தேன், பொட்டு மேலேதான் இருந்தது. மாமனார் பக்கவாட்டில் சரிந்தார். கத்தினேன், பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள், கார் வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவர் உயிர் அந்தப் பின்னறையிலேயே போய்விட்டிருந்தது.

மறுநாள் சடங்கில் பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடித்து நிற்க வேண்டும். ஒறம்பரையாக வந்திருந்த சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நின்றார்கள். அவரோடு ஒரு நாள் பேசியிராத பிள்ளைகளும் பிடித்தார்கள். என் மகள் மட்டும் தூணைக் கட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றாள். "அப்பாரு என்னைய ஒதைச்சாரு. நான் புடிக்க மாட்டேன்." யாரோ அதட்டினார்கள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். வயிற்றில் குதிகால் பட்ட இடம் கன்றிப்போயிருந்தது.

என்ன நடந்தது என்று அப்போதுதான் அவள் சொன்னாள். "அப்பாரு ஆடவே இல்ல. சும்மா புடிச்சுட்டே இருந்தாரு. குடுங்கன்னேன், குடுக்கல. நான் எறங்கிப் புடுங்கப் போனேன். என்னையப் பாத்தாரு. ஒதைச்சுபோட்டாரு."

என் வீட்டுக்காரர் சடங்கில் அழவில்லை. எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு டெஸ்டரை எடுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். இரும்புப் பெட்டியைத் திறந்து, கைப்பிடியை மேலே வைத்து ஒரு முறை, கீழே வைத்து ஒரு முறை பார்த்தார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கீழ்ப் பக்கத்தில் இரண்டு ஒயரும் இடம் மாறியிருந்தன. மோட்டார் லைனுக்குத் தள்ளினால், வீட்டில் நியூட்ரல் வர வேண்டிய ஒயரில் கரண்ட் வந்திருக்கிறது. அந்தப் பெட்டியை ஒரு காலத்தில் மாமனாரே ஆள் வைத்து மாட்டியது. பல்புக்கும் ஃபேனுக்கும் எது எந்தப் பக்கம் வந்தால் என்ன? அத்தனை வருடம் யாருக்கும் தெரியவில்லை. பொட்டு மேலே இருந்தால் போதும் என்று நான்தான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எறும்புன்னு சொன்னா புள்ள" என்றார் அவர். "அவ அன்னிக்கே எறும்புன்னு சொன்னா." அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

இரும்புப் பெட்டியை அன்றே பிடுங்கி எறிந்தார். கம்ப்யூட்டரைச் சாக்கில் கட்டி மேலே அட்டாலிப் பரணில் போட்டார். அதை உடைக்கவும் அவருக்குக் கை வரவில்லை, வெளியே கொடுக்கவும் மனம் வரவில்லை. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. அவர் இன்றைக்கும் நான் காப்பி டம்ளரை நீட்டினால்கூட முதலில் புறங்கையால் தொட்டுவிட்டுத்தான் வாங்குகிறார்.

மகள் வளர்ந்தாள். சாவு என்றால் என்ன, கரண்ட் அடித்ததென்றால் என்ன என்பதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் திதி நாளில் அப்பாரு படத்துக்குப் பூ வைக்கச் சொன்னால் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவாள். அவர் அவளுக்குக் கடைசியாகக் கொடுத்தது அந்த உதை. கேட்டுப் பார்க்க அவர் இல்லை. நானும் அவளோடு அதைப் பேசவில்லை.

அவள் உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு ஒரு நாள் சாயங்காலம் பையைக்கூட இறக்காமல் என்னிடம் வந்தாள். அறிவியல் பாடத்தில் நரம்பும் தசையும் பற்றி நடத்தியிருக்கிறார்கள்.

"அம்மா, கரண்ட் பாஞ்சா தசை தானா இழுத்துக்குமாம். நாம நெனைக்கவே வேண்டாமாம், கையும் காலும் அதுவா ஒதறுமாம். அன்னிக்கு அப்பாரு ஒதைக்கலைம்மா. கரண்டுதான் ஒதைச்சிருக்குது. நான் பாரு, இத்தன வருசமா அவரு மேல கோவத்துல இருந்துட்டேன்."

சொல்லிவிட்டுப் போய்த் தொடுத்து வைத்திருந்த பூவை எடுத்து அவர் படத்துக்குத் தானாகவே வைத்தாள். வாசல்படியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் தலையைத் திருப்பிக்கொண்டார். அவள் சொன்னது பாடத்தில் இருப்பதுதான். சரியாகவும் இருக்கலாம். அப்படியே விட்டிருந்தால் அவளுக்கு அது போதுமாக இருந்திருக்கும். என்னால் முடியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"இல்ல கண்ணு" என்றேன். "அவருதான் ஒதைச்சாரு. நீ குச்சியத் தொட வந்துட்டிருந்தீல்ல."